வாவி நடுவில் எஞ்சின் நின்றால் எங்கே கை வைப்பது?

கொழும்பில் இருந்து வார இறுதியில் கூடாரத்தையும் சமையல் சாமானையும் ஏற்றிக்கொண்டு படகோடு போகிற இடங்கள் அதிகம் இல்லை. தெற்கே மொரட்டுவ, பிலியந்தலைப் பக்கமாகப் பொல்கொட வாவி. வடக்கே நீர்கொழும்புக் களப்பு, அதையொட்டிய முத்துராஜவெல சதுப்பு, இரண்டையும் தொட்டுக்கொண்டு ஓடுகிற ஹமில்டன் கால்வாய். இங்கே ஓடுகிற பொழுதுபோக்குப் படகுகளில் பெரும்பாலும் இருப்பது படகின் பின்பலகையில் மாட்டுகிற எஞ்சின்தான், 8 முதல் 40 குதிரைவலு வரை, அதிலும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் யமஹாதான் கூட. கீழே எழுதியிருப்பது அந்த வகைக்கு. நான்கு ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கும் எரிபொருள், குளிர்நீர், விசிறி (படகைத் தள்ளுகிற புரொப்பெல்லர்) பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

எஞ்சின் நின்ற மறுநிமிஷமே மேல்மூடியைக் கழற்றிக் காபரேட்டரில் ஸ்குரூ டிரைவர் வைக்கிற ஒரு பழக்கம் நம் ஆக்களிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். இந்த நீர்நிலைகளில் வருகிற பிழைகளில் பெரும்பகுதி எஞ்சினுக்கு வெளியே இருக்கும்: பெற்றோல் தாங்கி, குழாய், மிதக்கிற களை, பொலித்தீன், சேறு. வெளியே இருந்து தொடங்கி உள்ளே போங்கள், பத்துக்கு எட்டுத் தடவை உள்ளே போக வேண்டிய தேவையே வராது என்பது என் அபிப்பிராயம்.

எந்தப் பிழையாக இருந்தாலும் முதல் வேலை நங்கூரம் போடுவது. காற்று படகைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு பாலத்துத் தூணிலோ மீன்பிடி வலையிலோ சேர்த்துவிட்டால் ஒரு பிழை இரண்டாகிவிடும். பாணந்துறை முகத்துவாரத்துக்குக் கிட்ட என்றால் இதில் விளையாட்டே இல்லை, மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே மணல்திட்டில் அலை உடைகிற விதத்தைப் பார்த்தால் விளங்கும். இரண்டாவது, விசிறியில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தண்ணீரில் குதிக்காதீர்கள். பொல்கொடவில் முதலை உண்டு, முத்துராஜவெலவிலும் உண்டு, மழைக்குப் பிறகு எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. எஞ்சினை நிறுத்தி, சரித்து மேலே தூக்கி, படகுக்குள் இருந்தபடியே பாருங்கள்.

கயிற்றை இழுக்கிறோம், உயிரே இல்லை

சிவப்புக் கயிறு. அதன் நுனியில் இருக்கிற பிளாஸ்டிக் கிளிப், எஞ்சினை உடனே அணைக்கிற கில் சுவிட்சில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? பிறகு கியர் நியூட்ரலில் இருக்கிறதா? இந்த இரண்டையும் பார்க்காமல் அரை மணித்தியாலம் கயிறு இழுத்துத் தோள்மூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைக் கரையில் அடிக்கடி காணலாம்.

அது சரி என்றால் பெற்றோல் வருகிறதா என்று பாருங்கள். குழாயின் நடுவில் இருக்கிற இறப்பர் பல்பை, அதில் உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கும்படி பிடித்து, வெளியேறும் பக்கம் மேலே இருக்கத்தக்கதாக அமுக்க வேண்டும். நாலைந்து அமுக்கில் கல்லுப் போல இறுகினால் காபரேட்டர் வரை பெற்றோல் போயிருக்கிறது. எவ்வளவு அமுக்கினாலும் தொளதொளவென்று இருந்தால் எங்கேயோ காற்று இழுக்கிறது, அல்லது தாங்கியில் பெற்றோலே இல்லை (சிரிக்காதீர்கள்).

பெற்றோல் வருகிறது, மணமும் மூக்கைத் துளைக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் அளவுக்கு மேல் குடித்துவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, நியூட்ரலில் இருக்கும்போதே திராட்டிலை (வேகம் கூட்டுகிற பிடியை) நன்றாகத் திறந்து, பல்பைத் தொடாமல் சில தடவை இழுங்கள். பிடித்தவுடன் திராட்டிலைக் குறைக்கத் தயாராக இருக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காய வைக்கலாம்.

பிளக்கைக் கழற்றிய கையோடு நிறத்தையும் பாருங்கள். வெளிர் மண்ணிறம் என்றால் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் பெற்றோல் கூட, அல்லது பொறி (ஸ்பார்க்) வரவில்லை. வெள்ளை வெளேரென்று வரண்டிருந்தால் பெற்றோல் குறைவு, எஞ்சின் கடும் சூட்டில் ஓடியிருக்கிறது, அதை அப்படியே விடக்கூடாது. பொறி வருகிறதா என்று சோதிக்க, பிளக்கை அதன் மூடியில் மாட்டி, உலோகப் பகுதி எஞ்சின் உடலில் நன்றாகப் படும்படி வைத்துவிட்டு இழுக்க வேண்டும். வயரை வெறுமனே அந்தரத்தில் தொங்கவிட்டு இழுத்தால் மின்னணுப் பொறியமைப்பே எரிந்து போகலாம், அந்தப் பெட்டி மலிவான சாமான் இல்லை. பெற்றோல் சிந்தியிருந்தால் அது காய்ந்து காற்றோடு போன பிறகுதான் இந்தச் சோதனை.

கிளம்புகிறது, கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கி அணைகிறது

வாவியில் அதிகம் காண்கிற பிழை இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தாங்கி மூடியில் ஒரு சிறிய காற்றுத் திருகாணி இருக்கும். வாகனத்தில் ஏற்றும்போது சிந்தாமல் இருக்க அதை இறுக்குவோம், தண்ணீரில் இறக்கிய பிறகு திறக்க மறப்போம். எஞ்சின் பெற்றோலை உறிஞ்ச உறிஞ்ச உள்ளே வெற்றிடமாகி, ஐந்து பத்து நிமிஷத்தில் குழாயில் ஒரு சொட்டும் வராது. நின்ற பிறகு மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்கும். கேட்டால் பிழை பிடிபட்டுவிட்டது.

அது இல்லை என்றால் ஒரு நல்ல சோதனை உண்டு. எஞ்சின் அணையப் போகிற நேரத்தில் கூட வந்தவரைப் பல்பை அமுக்கச் சொல்லுங்கள். அமுக்கியவுடன் எஞ்சின் தெளிந்து ஓடினால் பிழை எரிபொருள் வழியில், அதுவும் எஞ்சினுக்குப் பெற்றோல் போதாமல் இருப்பதில். குழாய் வெடித்திருக்கலாம், குழாயை எஞ்சினோடு இணைக்கிற கொளுவியில் உள்ள சின்ன இறப்பர் வளையம் தேய்ந்து காற்று இழுக்கலாம், தாங்கிக்குள் உள்ள வடிகட்டி அடைத்திருக்கலாம், எஞ்சினுக்குள் இருக்கிற பெற்றோல் பம்பின் மெல்லிய சவ்வு கிழிந்திருக்கலாம். இந்த வரிசையிலேயே பாருங்கள், ஏனென்றால் மலிவானதும் சுலபமானதும் முன்னால் இருக்கிறது. அமுக்கியும் மாற்றமே இல்லை என்றால் பெற்றோலில் தண்ணீர், அல்லது சூடாகும்போது பொறி தவறுவது, அல்லது குளிர்நீர்ப் பிழை.

தண்ணீரைக் கண்டுபிடிக்க ஒரு ஜாம் போத்தல் போதும். தாங்கியின் அடியில் இருந்து கொஞ்சம் பிடித்து அசையாமல் வையுங்கள், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகக் கோடு பிரித்துத் தெரியும். கொழும்பு மழையில் திறந்த படகில் கிடக்கிற தாங்கிக்கு மூடி வழியாகவே தண்ணீர் இறங்குகிறது. காபரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு வடிகால் திருகாணி இருக்கும், அதைத் தளர்த்தி ஒரு துணியிலோ போத்தலிலோ வடியவிட்டால் உள்ளே போன தண்ணீரும் வந்துவிடும். வாவிக்குள் வடிய விடாதீர்கள். காபரேட்டரில் கை வைப்பது என்றால் நான் ஒத்துக்கொள்கிற அளவு அவ்வளவுதான், ஜெட் குத்துகிற வேலை எல்லாம் கரையில்.

பழைய பெற்றோல் வேறு கதை. 2022 எரிபொருள் நெருக்கடி நேரத்தில், கியூஆர் கோட்டா எல்லாம் வந்த காலத்தில், கிடைத்ததைக் கேனில் சேர்த்து வைக்கிற பழக்கம் பல வீடுகளில் ஒட்டிக்கொண்டது. ஒயில் கலந்து மாசக்கணக்கில் வைத்த பெற்றோல் வார்னிஷ் மாதிரி மணக்கும், காபரேட்டரில் பிசின் படிய விடும். அப்படிப்பட்டதைப் படகில் ஊற்ற வேண்டாம். கலவை அளவும் அப்படித்தான், கண்மட்டத்தில் ஊற்றுகிற விஷயம் இல்லை: பெரும்பாலான இன்றைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு 50:1, அதாவது 10 லீற்றர் பெற்றோலுக்கு 200 மில்லிலீற்றர் ஒயில், புது எஞ்சினைப் பழக்குகிற நாட்களில் 25:1. உங்கள் எஞ்சினின் கையேடு வேறு சொன்னால் கையேடு சொல்வதே சரி. ஒயில் டிசி-டபிள்யூ3 என்று போட்டதாக இருக்கட்டும், முச்சக்கரவண்டிக்கு ஊற்றுகிற ஒயில் காற்றால் குளிர்கிற எஞ்சினுக்குச் செய்தது, இது தண்ணீரால் குளிர்கிறது.

பின்னால் தண்ணீர் பீச்சவில்லை

எஞ்சின் ஓடும்போது பின்பக்கத்துச் சிறு துளையில் இருந்து தண்ணீர் பீச்ச வேண்டும். பீச்சவில்லை, அல்லது மூத்திரம் முட்டிய கிழவரைப் போலச் சொட்டுகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். கரைக்குப் போய்ப் பார்ப்போம் என்று ஓட்டினால் பிஸ்டன் இறுகும்.

தூக்கிப் பாருங்கள். கியர் பெட்டியின் பக்கத்தில் இருக்கிற நீர் உறிஞ்சும் சல்லடையை ஒரு பொலித்தீன் பை மூடியிருக்கும், அல்லது ஜப்பான் ஜபர என்று கரையில் எல்லாரும் சொல்கிற ஆகாயத்தாமரையின் வேர், அல்லது சல்வீனியா என்ற மிதக்கிற களை. பொல்கொடவின் ஓரங்களிலும் கால்வாயிலும் மழைக்குப் பிறகு இவை பாய் விரித்தது போல வந்து சேரும். ஹமில்டன் கால்வாயை நிறையப் பேர் ஒல்லாந்தர் கால்வாய் என்கிறார்கள், ஆனால் வெட்டியது ஆங்கிலேயர், 1802 இல் தொடங்கி 1804 இல் முடித்தார்கள். யார் வெட்டினால் என்ன, இன்றைக்கு அதில் மிதக்கிற குப்பை முழுக்க நம்முடையது, எஞ்சினுக்கு முதல் எதிரியும் அதுதான்.

சல்லடை சுத்தம், இன்னும் வரவில்லை என்றால் பீச்சும் துளையே அடைத்திருக்கலாம், மணல் அல்லது ஒரு சிறு பூச்சிக் கூடு. தடித்த நைலோன் தூண்டில் நூலை மெதுவாக உள்ளே விட்டுப் பாருங்கள், கம்பி வேண்டாம். நூல் தாராளமாகப் போயும் தண்ணீர் இல்லை என்றால் உள்ளே தண்ணீரை இழுக்கிற இம்பெல்லர் என்ற இறப்பர் சில்லு போய்விட்டது. அதைத் தண்ணீரில் வைத்து மாற்ற முடியாது, துடுப்பை எடுங்கள். கரையில் தண்ணீர் இல்லாமல் "சும்மா ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்று ஓட்டுவது அந்த இறப்பரைச் சில விநாடிகளிலேயே கெடுக்கத் தொடங்கும். சேற்றுத் தரையை உழுதபடி ஓட்டுவதும் அதைத் தேய்க்கும், பொல்கொடவின் ஆழம் குறைந்த பகுதிகளில் இது சர்வசாதாரணம்.

ஆரம்பத்தில் பீச்சுகிறது, ஆனால் நேரம் போகப் போகக் கொதிநீராக வருகிறது என்றால் தெர்மோஸ்டாட் இறுகியிருக்கலாம், அல்லது உள்வழிகளில் உப்புப் படிந்திருக்கலாம். நீர்கொழும்புக் களப்பும் பாணந்துறைப் பக்கமும் உப்பு கலந்த தண்ணீர். அங்கே ஓடிய பிறகு பெரிய வாளியிலோ பெரலிலோ நன்னீர் நிரப்பி, எஞ்சினின் கால் அமிழ்ந்திருக்க, விசிறியைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் ஓட விடுங்கள்.

எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை

விசிறியைச் சுற்றிக் களை பந்தாகச் சுருண்டிருந்தால் இப்படித்தான் இருக்கும். நியூட்ரலுக்கு வந்து, கொஞ்சம் ரிவர்ஸ் கொடுத்துப் பாருங்கள், சில நேரம் அவிழ்ந்து போகும். இல்லை என்றால் நிறுத்தி, கில் கிளிப்பைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத் தூக்கி வெட்டி எடுங்கள்.

களை இல்லை, ஆனாலும் மெதுவாக ஓட்டினால் போகிறது, திராட்டில் கொடுத்தால் மட்டும் வழுக்குகிறது என்றால் விசிறியின் நடுவில் உள்ள இறப்பர் புஷ் விட்டுப் போயிருக்கிறது. உறுதி செய்வது சுலபம்: உள்வளையத்தில் இருந்து வெளிவளையம் வரை குறுக்காக நெயில் பொலிஷால் ஒரு கோடு போடுங்கள், கொஞ்சம் ஓட்டிவிட்டுத் தூக்கிப் பாருங்கள், கோடு உடைந்து இரண்டாக நின்றால் புஷ்தான். மெதுவாகவே வீடு வந்து சேரலாம். 2, 4 குதிரைவலுச் சின்ன எஞ்சின்களில் புஷ்ஷுக்குப் பதிலாக ஒரு ஊசி இருக்கும், எதிலாவது மோதினால் கியரைக் காப்பாற்ற அது உடையும். மாற்று ஊசி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். அந்த இடத்தில் ஆணியை வெட்டிப் போடுகிற கெட்டித்தனம் கியர் பெட்டியில் போய் முடியும்.

திரும்பும்போது மட்டும், அல்லது எல்லாரும் முன்னால் போய் உட்கார்ந்தால் மட்டும் கத்துகிறது என்றால் விசிறி காற்றை உறிஞ்சுகிறது. விசிறிக்கு மேலே இருக்கிற தட்டு படகின் அடிமட்டத்தோடு ஒன்றாக, அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும். 15 அங்குலக் கால் உள்ள எஞ்சினை 20 அங்குல உயரப் பின்பலகையில் மாட்டினால் அது நடக்காது, சாமான் வாங்கும்போதே அளந்து வாங்குங்கள்.

உதறுகிறது

விசிறியின் இதழ் வளைந்திருக்கும். நீர்கொழும்புக் களப்பில் கண்டல் கிளைகளைக் கட்டுக்கட்டாக நட்டு மீன் சேர்க்கிற இடங்கள் உண்டு, நீர் ஏறியிருக்கும்போது மேலே ஒன்றும் தெரியாது. அங்கே மோதினால் உங்கள் விசிறி மட்டும் இல்லை, ஒரு மீனவரின் பிழைப்பும் உடைகிறது. தடியோ கிளையோ தலைநீட்டுகிற இடங்களைச் சுற்றிப் போங்கள்.

விசிறியைக் கழற்றும்போது அதற்குப் பின்னால் தண்டில் தூண்டில் நூல் சுற்றியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது தண்ணீர் புகாமல் தடுக்கிற சீல் வளையத்தை அறுத்துக்கொண்டு உள்ளே போகும், பிறகு கியர் ஒயிலில் தண்ணீர் ஏறும். கீழ்த் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தினால் வருகிற ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் சீல் போய்விட்டது.

வேகம் எடுக்கவில்லை

அடித்தக்கை, அதாவது படகின் வடிகால் துளையை அடைக்கிற தக்கை, இருக்கிறதா? படகுக்குள் பலகைக்குக் கீழே தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு மற்றதை யோசிக்கலாம். இரட்டைச் சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாமல் இருந்தாலும் இப்படி ஆகும். ஓட்டி நிறுத்திய பிறகு இரண்டு பிளக்கையும் கழற்றிப் பார்த்தால் வேலை செய்யாதது ஈரமாக இருக்கும். அடியில் பாசி, கூடாரம், ஐஸ் பெட்டி, எட்டுப் பேர், பிரியாணிச் சட்டி என்று ஏற்றிவிட்டு 15 குதிரைவலுவைக் குறை சொல்பவர்களுக்கு இந்தப் பகுதியில் மருந்து இல்லை.

சாவி திருகினால் டிக் டிக் மட்டும்

பற்றரி. இரவு கரையில் தங்கும்போது எல்ஈடி விளக்கு, போன், சின்ன ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் எஞ்சின் கிளப்புகிற பற்றரியிலேயே மாட்டியிருப்பீர்கள். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் ஈயப் பற்றரி 12.6 காட்டினால் நிறைவு, 12.2 பாதி, 12க்குக் கீழே போனால் ஸ்டார்ட்டரை நம்ப வேண்டாம். முகாமுக்குத் தனிப் பற்றரி, அவ்வளவுதான் தீர்வு. பற்றரி நன்றாக இருந்தும் டிக் டிக் என்றால் முனைகளில் பச்சை பூத்திருக்கும், கழற்றித் தேய்த்து இறுக்கி, கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். 25 குதிரைவலுவுக்குக் கீழே பெரும்பாலும் அவசரக் கயிறும் வேலை செய்யும். கயிறு எங்கே இருக்கிறது என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். வான் வண்டியில் தங்குபவர்கள் ஜெனரேட்டரைக் கூடாரத்துக்கோ வானுக்கோ கிட்ட ஓட விடாதீர்கள், புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை.

எடுத்த களையை என்ன செய்வது?

இது பிழை இல்லை, ஆனால் ஒவ்வொரு பிழைக்குப் பிறகும் கையில் இருப்பது இதுதான். வெட்டி எடுத்ததைத் திரும்பத் தண்ணீரில் போடாமல் ஒரு சாக்கில் கட்டிக் கரையில், நீர் ஏறாத இடத்தில் காயப் போடுங்கள். ஆகாயத்தாமரையின் ஒரு துண்டு போதும், புதுக் குளத்தில் பெருகிவிடும். இதைக் கட்டுப்படுத்த இலங்கையில் 1909 இலேயே தனிச் சட்டம் போட்டார்கள், செடி இன்னும் மிதக்கிறது. பொல்கொடவில் ஓட்டிய படகை அடுத்த வாரம் தியவன்னா வாவியில் இறக்குவது என்றால் அடிப்பகுதி, விசிறி, நங்கூரக் கயிறு எல்லாவற்றையும் பார்த்துக் கழுவிக் காயவிட்டு இறக்குங்கள். படகின் அடியில் தேங்கிய எண்ணெய்த் தண்ணீரையும் அப்படியே இறைத்து ஊற்றாமல், மேலே மிதக்கிற எண்ணெயைப் பழைய துணியில் ஒற்றி எடுத்துவிடலாம்.

எஞ்சினே தண்ணீரில் விழுந்துவிட்டது

பின்பலகைக் கொளுவித் திருகாணிகள் அதிர்வில் தளர்ந்து எஞ்சின் கழன்று விழுவது அபூர்வம் இல்லை, அதனால்தான் ஒரு பாதுகாப்புச் சங்கிலி வேண்டும். விழுந்தால் பதறாமல் எடுங்கள், ஆனால் எடுத்த பிறகு சுணங்காதீர்கள். தண்ணீருக்குள் இருக்கும்போதை விட, வெளியே வந்து காற்றுப் பட்ட பிறகுதான் துரு வேகமாகப் பிடிக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கியிருந்தால் கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக எதிர்த்தால் பலத்தைக் காட்ட வேண்டாம், உள்ளே தண்ணீர் நிறைந்து பிஸ்டனைத் தாங்குகிற கோல் வளைந்திருக்கலாம். சாதாரணமாகச் சுற்றினால் முழு எஞ்சினையும் நன்னீரால் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, பிளக் துளை கீழே பார்க்கும்படி வைத்துத் தண்ணீர் வருவது நிற்கும் வரை மெதுவாகக் கயிறை இழுங்கள். காபரேட்டரை வடித்து, தாங்கியில் புதுப் பெற்றோல் ஊற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் இரண்டு ஸ்ட்ரோக் ஒயில் விட்டுச் சுற்றி, காய்ந்த பிளக் போட்டுக் கிளப்பப் பாருங்கள். கிளம்பினால் அரை மணித்தியாலமாவது தண்ணீரோடு ஓட விடுங்கள், உள்ளே உள்ள ஈரம் போக வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் என்றால் கிளப்புவதற்கு முன்னால் ஒயிலை மாற்றியே ஆக வேண்டும், ஒரு தடவை போதாது.

அன்றைக்கே இதைச் செய்ய வழி இல்லை, விழுந்தது உப்புத் தண்ணீர் என்றால், எஞ்சினைக் காய விடாமல் நன்னீர் நிரப்பிய பெரலில் முழுதாக அமிழ்த்தி வைத்தபடி எஞ்சின் திருத்துகிற பாஸைத் தேடுங்கள். பஞ்சிகாவத்தையில் வாகனச் சாமான் தேடுவதை விட நீர்கொழும்பு, பாணந்துறை மீன்பிடிக் கரைகளில் விசாரிப்பது நல்லது, இந்த எஞ்சின்களைத் தினமும் பிரித்துப் பூட்டுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். போகும்போது மூன்று விஷயத்தைக் குறித்துக்கொண்டு போங்கள்: உப்புத் தண்ணீரா நன்னீரா, விழும்போது ஓடியதா, தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் கிடந்தது. பாஸ் முதலில் கேட்கப் போவது இதைத்தான்.